கடவுச்சொல் எப்படிப் பறிபோகிறது? இணையக் கணக்குகள் மீதான தாக்குதல்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

காட்பாடிச் சந்திப்பிலிருந்து புறப்படும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க ஒரு கணக்கு, மருத்துவமனையில் முன்பதிவு செய்ய ஒரு கணக்கு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, வருமான வரிக்கு ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மின்னஞ்சல் என்று, வேலூரில் வாழும் ஒரு நடுத்தரக் குடும்பம் இன்று பல இணையக் கணக்குகளை நம்பித்தான் நாளை ஓட்டுகிறது. எல்லாக் கணக்குகளுக்கும் நுழைவாயில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் அந்தச் சிறிய திரைதான். அந்தத் திரையைக் குறிவைத்து நடக்கும் தாக்குதல்கள் எவை, அவை எப்படி வேலை செய்கின்றன, எதை எதனால் தடுக்கலாம் என்பதைக் கணினி படிக்காதவரும் புரிந்துகொள்ளும்படி விளக்க முயல்கிறேன்.

முதலில், உள்நுழைவு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். தெருமுனைக் கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார். எங்கோ இருக்கும் கணினிக்கு நம் முகம் தெரியாது. ஆகவே அது ஏதேனும் ஓர் அத்தாட்சியைக் கேட்கிறது. அந்த அத்தாட்சி நமக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக இருக்கலாம், அதாவது கடவுச்சொல் அல்லது பின் எண். நம் கையில் உள்ள ஒன்றாக இருக்கலாம், அதாவது கைப்பேசியோ சிம் அட்டையோ. அல்லது கைரேகை போல நம் உடலோடு இருப்பதாக இருக்கலாம். கொடுக்கப்பட்ட அத்தாட்சி சரியாக இருக்கிறதா என்று மட்டுமே கணினி பார்க்கிறது. கொடுப்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது. இந்தக் கட்டுரையில் வரும் அத்தனை தாக்குதல்களும் இந்த ஒரு பலவீனத்திலிருந்துதான் பிறக்கின்றன.

கணினிகளில் கடவுச்சொல் முறை பரவியது 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில். ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு கணினிக்கே ஒரு வேண்டுகோள் கொடுத்து, அந்த அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டார் என்பதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் எதையும் உடைக்கவில்லை, கேட்டார், கிடைத்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான திருட்டுகள் இப்படித்தான் நடக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டாலே பாதுகாப்பில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனாலும் உண்மையிலேயே உடைக்கும் முயற்சிகளும் உண்டு. அவற்றில் எளியது, சொல்லைத் தொடர்ந்து ஊகித்துப் பார்ப்பது. நான்கு இலக்கப் பின் எண்ணுக்கு 10,000 சாத்தியங்கள், ஆறு இலக்க எண்ணுக்கு 10 லட்சம். மனிதருக்கு இது பெரிய வேலை. கணினி நிரலுக்கு இது வேலையே இல்லை. அதனால்தான் வங்கித் தளங்கள் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கை முடக்குகின்றன. இந்த முடக்கத்திலிருந்து தப்பிக்கத் தாக்குவோர் முறையைத் திருப்பிப்போடுகிறார்கள். ஒருவரின் கணக்கில் ஆயிரம் சொற்களை முயல்வதற்குப் பதிலாக, ஆயிரம் பேரின் கணக்குகளில் 'பெயர்@123' போன்ற ஒரே ஒரு சொல்லை முயல்கிறார்கள். ஒரு கல்லூரியோ தொழிற்சாலையோ புதிதாகச் சேரும் அனைவருக்கும் ஒரே மாதிரியான தொடக்கக் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், அதை மாற்றாமல் விட்ட சிலராவது இதில் சிக்குவார்கள்.

தளத்தின் தரவே திருடப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. முறையாக இயங்கும் தளம் நம் கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைப்பதில்லை. அதை ஒரு கணிதச் செயலில் இட்டு, திரும்ப மாற்ற முடியாத ஒரு குறியீடாக்கி வைக்கிறது. திருடியவர் அந்தக் குறியீட்டைத் தம் கணினியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் குறியீடாக்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே முடக்குவதற்கு யாரும் இல்லை. தளம் பழைய, வேகமான குறியீட்டு முறையைப் பயன்படுத்தியிருந்தால், வீடியோ கேம் ஆடப் பயன்படும் ஒரு கிராஃபிக்ஸ் அட்டையே நொடிக்கு 1,000 கோடி முயற்சிகளுக்கு மேல் செய்துவிடும். அந்த வேகத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டினால் அமைந்த எந்தச் சொல்லும் சுமார் 21 நொடிகளில் விழுந்துவிடும். பன்னிரண்டு எழுத்துகள் என்றால் மூன்றரை மாதங்களுக்கு மேல் ஆகும். பதினாறு என்றால் ஒரு லட்சம் ஆண்டுகளையும் தாண்டும். எழுத்துகள் தற்செயலாக அமைந்திருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஊகப் பட்டியலின் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் வைப்பதுதான், என் கருத்தில், நம் ஊர்களில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும் ஆபத்து. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடிக் கடவுச்சொற்கள், குறியீடாக்கப்படாமல் அப்படியே வெளியேறின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது '123456'. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட தரவில் 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் இருந்தன என்பது 2016இல்தான் வெளியே தெரிந்தது. இப்படிக் கசிந்த மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் சோடி சோடியாகப் பட்டியலிடப்பட்டு விற்கப்படுகின்றன. வாங்கியவர் அந்தப் பட்டியலை ஒரு நிரலிடம் கொடுத்தால், அது ஒவ்வொரு சோடியையும் மின்னஞ்சல், வங்கி, கடை, சமூக வலைத்தளம் என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கும். இதில் ஊகம் என்பதே கிடையாது. ஓரிடத்தில் சரியாக இருந்த சொல் வேறிடத்திலும் சரியாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே போதும்.

2023இல் மரபணுப் பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீ இப்படித்தான் தாக்கப்பட்டது. நேரடியாகத் திறக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள். வேறு தளங்களில் பயன்படுத்திய அதே கடவுச்சொல்லை அங்கேயும் வைத்திருந்தவர்களுடையவை அவை. ஆனால் அந்தத் தளத்தில் உறவினர்களைக் கண்டறியும் வசதி இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாகச் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. ஒருவரின் கவனக்குறைவு அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கும் கடைக்கும் பீரோவுக்கும் ஒரே சாவியை யாரும் செய்து வைப்பதில்லை; இணையத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். குடியாத்தத்தில் ஒரு துணி வியாபாரி, எப்போதோ ஒரு விளையாட்டுச் செயலிக்காக உருவாக்கிய கடவுச்சொல்லையே தம் மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செயலியை அவர் மறந்தே போயிருப்பார். அந்த நிறுவனத்தின் தரவு கசிந்த நாளில், வேலூர் மாவட்டத்தை விட்டு வெளியே போகாத அவருடைய மின்னஞ்சல் திறந்துவிடுகிறது. அவர் செய்த ஒரே தவறு ஒரே சொல்லை இரண்டு இடங்களில் வைத்ததுதான். நம் முகவரி எந்தக் கசிவிலாவது இடம்பெற்றிருக்கிறதா என்பதைப் பார்க்க, ட்ராய் ஹன்ட் என்பவர் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளம் உதவும். அங்கே மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும்.

அடுத்தது போலித் தளம். வங்கியிலிருந்து வந்தது போல ஒரு குறுஞ்செய்தி வருகிறது: 'இன்று மாலைக்குள் கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும்'. அதில் உள்ள லிங்க்கைத் தொட்டால் வங்கியின் தளத்தைப் போலவே, அதே நிறம், அதே முத்திரையுடன் ஒரு பக்கம் திறக்கிறது. நாம் எழுதும் கடவுச்சொல் நேரே மோசடிக்காரரிடம் போகிறது. தோற்றத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பக்கத்தின் தோற்றத்தை நகலெடுப்பது சில நிமிட வேலை. முகவரியை மட்டும்தான் நகலெடுக்க முடியாது. அந்த முகவரியை வாசிக்கும் முறை நமக்குத் தெரிய வேண்டும்.

முகவரியின் தொடக்கத்தில் வரும் 'https://' என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின் முதல் சாய்கோடு (/) எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு இடப்புறம் உள்ளதை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். 'நம்வங்கி.பேங்க்.இன்' என்ற முகவரி 'பேங்க்.இன்' என்று முடிவதால் அது வங்கிக்கு உரியது. 'நம்வங்கி.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.காம்' என்பதில் முன்னால் வரும் வங்கிப் பெயருக்கு எந்த மதிப்பும் இல்லை; கடைசியில் இருக்கும் 'கேஒய்சி-அப்டேட்.காம்' என்பதுதான் உரிமையாளர், அது யாராகவும் இருக்கலாம். ரிசர்வ் வங்கி 2025இல் இந்திய வங்கிகள் அனைத்தும் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 31ஐக் கெடுவாக வைத்தது. அந்த முடிவை வங்கிகளுக்கு மட்டுமே வழங்குவார்கள் என்பதால் சாதாரண வாடிக்கையாளருக்கு இது பெரிய உதவி. முகவரிக்கு அருகில் சில உலாவிகள் காட்டும் பூட்டுக் குறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதைத்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்வதில்லை. போலித் தளங்களும் அந்தப் பூட்டை இலவசமாகவே பெற்றுவிடுகின்றன.

ஓடிபி வருவதால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஓடிபி பெரிய பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் நம் கையால் கொடுக்கக்கூடிய ஓர் அத்தாட்சிதான். போலிப் பக்கத்தில் நாம் கடவுச்சொல்லை எழுதியவுடன், மறுபுறம் உள்ள நிரல் அதை உண்மையான தளத்தில் எழுதுகிறது. உண்மையான தளம் நமக்கு உண்மையான ஓடிபியை அனுப்புகிறது. நாம் அதைப் போலிப் பக்கத்தில் எழுத, அது அடுத்த நொடியில் உண்மையான தளத்தில் போடப்படுகிறது. உள்நுழைந்ததும் தளம் கொடுக்கும் 'குக்கி' என்ற அனுமதிச் சீட்டு மோசடிக்காரரிடம் சேர்ந்துவிடுவதால், அதற்குப் பிறகு அவருக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை.

தொலைபேசி வழியில் இதே வேலை இன்னும் எளிதாக நடக்கிறது. 'அம்மா, பேங்க் ஹெட் ஆபீஸ்லேருந்து பேசறோம், உங்க ஏடிஎம் கார்டு சாயங்காலத்தோட பிளாக் ஆயிடும், இப்ப ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க' என்று பணிவாகப் பேசும் குரலுக்கு, சத்துவாச்சாரியில் ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஒரு பெரியவர் ஏமாறுவதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அழைப்பு அவரை யோசிக்க விடாமல் செய்வதற்கென்றே திட்டமிட்டு எழுதப்பட்டது. அவசரப்படுத்தும் எந்த அழைப்பையும் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே அழைப்பது ஒன்றே நம்பகமான வழி. இதே குரல் 'ஸ்டார் 401 ஸ்டார்' என்று தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்வதும் உண்டு. அது நமக்கு வரும் அழைப்புகளை வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. அழைப்பு திரும்பிவிட்டால், குரல் வழியாக வரும் ஓடிபி அவர்களுக்குப் போகும். வாட்ஸ்அப் கணக்கும் அப்படியே கைமாறும். 2024 ஏப்ரல் 15 முதல் இந்தக் குறியீட்டு வசதியை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதற்கு இந்த மோசடியே காரணம்.

குறுஞ்செய்தியைப் பறிக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாட்ஸ்அப்பில் வரும் 'ஏபிகே' கோப்பு, அதாவது கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும் கோப்பு. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராத ரசீது என்றும், விவசாயிகளுக்கான உதவித்தொகை என்றும் பெயரிட்டு வரும். பத்திரிகைக்குப் படமோ பிடிஎஃப் கோப்போ போதும், செயலி எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. நிறுவியதும் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். 'அனுமதி' என்று தொட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு ஓடிபியும் நமக்குத் தெரியாமலே வெளியே போகும். மற்றொன்று, நம் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்குவது. அப்போது நம் கைப்பேசியில் சிக்னல் திடீரென நின்றுபோகும். பாலாற்றங்கரை கிராமத்தில் டவர் இல்லை என்று அதை விட்டுவிடாமல், பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன சிம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, உடனே நிறுவனத்தை அழைக்க வேண்டும். 2024 ஜூலை முதல், மாற்று சிம் வாங்கிய ஏழு நாட்களுக்கு எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அனுமதிப்பதில்லை.

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ப்ரவுசிங் சென்டர்களுக்கு எப்போதும் வேலை இருக்கும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளியோடு வந்தவர்கள் பரிசோதனை அறிக்கையை அச்சிடவும், ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கவும் அங்கே வருகிறார்கள். பத்து பேர் உட்கார்ந்து எழுந்த கணினியில் தங்கள் மின்னஞ்சலைத் திறக்கிறார்கள். 'இந்தக் கடவுச்சொல்லைச் சேமிக்கலாமா?' என்று உலாவி கேட்கிறது. அவசரத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டு, வெளியேறாமலே எழுந்து போகிறார்கள். அடுத்து உட்காருபவர் உலாவியின் அமைப்புகளைத் திறந்தாலே சேமித்த சொற்கள் அத்தனையும் வரிசையாகத் தெரியக்கூடும். கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும், யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்த நிரல் ஒவ்வொரு விசையழுத்தையும் பதிவு செய்துகொண்டிருக்கலாம். அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கையோ முதன்மை மின்னஞ்சலையோ திறக்கவே கூடாது. அறிக்கையைக் கைப்பேசியிலிருந்து கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பி அச்சிடச் சொல்வது பாதுகாப்பானது; வேறு வழியே இல்லாவிட்டால் உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து, வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்து, சாளரத்தையும் மூட வேண்டும்.

இத்தனை கணக்குகளில் எதை முதலில் காப்பது என்று கேட்டால், வங்கிக் கணக்கைச் சொல்லத் தோன்றும். நான் மின்னஞ்சலைத்தான் சொல்வேன். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று அழுத்தினால் மற்றத் தளங்களில் பெரும்பாலானவை மீட்பு லிங்க்கை அனுப்புவது மின்னஞ்சலுக்குத்தான். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு மின்னஞ்சல் திறக்கப்பட்டால் என்ன நடக்கும்? உள்ளே வந்தவர் ஒன்றையும் தொடமாட்டார். எல்லா அஞ்சல்களும் தமக்கும் ஒரு நகல் வரும்படி ஒரு விதியை அமைத்துவிட்டுக் காத்திருப்பார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பெரிய தொகைக்கான பில் போகும் நாளில், அதே முகவரியிலிருந்து, அதே நடையில், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண் இது' என்று ஓர் அஞ்சல் போகும். சரக்கு கப்பலேறிவிடும், பணம் வராது. இதைத் தடுக்க, கணக்கு எண் மாறியதாக வரும் எந்த அஞ்சலையும் பழைய தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்த பிறகே ஏற்க வேண்டும் என்று இரு தரப்பும் முன்பே பேசி வைத்துக்கொள்வது போதும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் வைப்பதுதான் முதல் வேலை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாதவர்கள் கடவுச்சொல் மேலாளர் செயலியைப் பயன்படுத்தலாம். அதற்குச் சேமிப்பதைத் தாண்டி இன்னொரு பயனும் உண்டு: முகவரி பொருந்தாத போலிப் பக்கத்தில் அது சொல்லை நிரப்பாது. செயலி பழகாத பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பீரோவில் வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றே கருதுகிறேன். வேறொரு நாட்டிலிருந்து தாக்குபவர் அந்தப் பீரோவைத் திறக்கப் போவதில்லை. மாதந்தோறும் மாற்றச் சொல்லி வற்புறுத்தும் பழைய பழக்கத்தை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017லேயே கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள் என்பதுதான் காரணம்.

அடுத்து, இரண்டாம் அத்தாட்சி. குறுஞ்செய்தி ஓடிபியைவிடக் கைப்பேசிச் செயலியில் உருவாகும் எண் மேலானது, ஏனென்றால் அது சிம்மைச் சார்ந்ததல்ல. 'உள்நுழைவது நீங்கள்தானா?' என்று கேட்கும் அறிவிப்பு முறையில் மட்டும் கவனம் தேவை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், கடவுச்சொல் தெரிந்த பிறகு இந்த அறிவிப்பை மீண்டும் மீண்டும் அனுப்ப, ஒருமுறை அது ஏற்கப்பட்டுவிட்டது. நாம் உள்நுழையாதபோது அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், நம் கடவுச்சொல் ஏற்கனவே வெளியே போய்விட்டது என்று பொருள். மறுத்துவிட்டு உடனே அதை மாற்ற வேண்டும். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது 'பாஸ்கீ', அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம் கருவியே உருவாக்கி வைத்திருக்கும் ஒரு ரகசியச் சாவி. 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து ஆதரவு அறிவித்த இந்த முறையில், ரகசியம் நாம் நுழையும் தளத்துக்கு அனுப்பப்படுவதே இல்லை. அது உருவான முகவரியைத் தவிர வேறு எந்த முகவரியிலும் அது வேலை செய்யாது. நாமே விரும்பினாலும் அதைத் தொலைபேசியில் யாருக்கும் வாசித்துக் காட்ட முடியாது.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போக வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். எங்காவது நிறுத்தி வைக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான். பிறகு வங்கிக்குத் தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ, மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ எழுத்தாகப் புகார் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதோ நம் மீதோ தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு நம்முடையதல்ல. நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தாலும், தெரிவித்த நேரத்துக்குப் பின் போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வீட்டில் திட்டுவார்கள், அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள் என்று இரண்டு நாள் மறைத்து வைப்பவர்களுக்கு இந்தக் கடைசி வரியைச் சொல்லிப் புரியவைப்பது குடும்பத்தில் இருக்கும் இளையவர்களின் கடமை. அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவதும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். இங்கே குற்றவாளி ஏமாற்றியவர்தான்.

கணக்கை மீட்டபின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. அமைப்புகளுக்குள் சென்று, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தினால்தான் திருடப்பட்ட குக்கி செல்லாததாகும். மின்னஞ்சலில் அஞ்சலைத் திருப்பிவிடும் விதி ஏதேனும் புதிதாக அமைக்கப்பட்டிருக்கிறதா, மீட்புக்கான தொலைபேசி எண்ணும் மாற்று முகவரியும் நம்முடையவைதானா, நாம் அனுமதி கொடுக்காத செயலி எதுவும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் பார்த்து நீக்க வேண்டும். கைப்பேசியில் ஏபிகே கோப்பு நிறுவியிருந்தால், இந்த மாற்றங்கள் அனைத்தையும் வேறொரு நம்பகமான கருவியிலிருந்து செய்ய வேண்டும். அந்தக் கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பிறகே மீண்டும் அதில் வங்கிச் செயலியை நிறுவ வேண்டும்.